அம்புறோஸ் கழற்றிய சட்டை

“படத்துக்கு ஒருக்காச் சட்டையைக் கழட்டுங்கோவன், தம்பி.”

“மேடையில மட்டுந்தான் கழட்டுவேன் அக்கா. வேற எங்கயும் வெக்கம்.”

ஆணழகன் பட்டம் வாங்கிய அம்புறோஸ் மூன்று நாளாக இதையே சொன்னான். உடற்கட்டுப் பயில்வோரைப் பற்றிய விவரணப்படத்துக்குத் தகவல் திரட்ட வந்த சத்தியபாமாவுக்கு அலுத்துவிட்டது.

இன்று வத்தேகமவிலிருந்து கண்டிக்கு, அவன் பயிற்சி செய்யும் இடத்தைப் பார்க்க இருவரும் பஸ்ஸில் புறப்பட்டார்கள். வழியில் சோதனைச்சாவடி. பஸ்ஸில் எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் எடுத்தார்கள். ஏறிவந்த சிப்பாய்களையே பார்த்தபடி சத்தியபாமாவும் பைக்குள் கைவிட்டு எடுத்தாள்.

அம்புறோஸ் சட்டென்று எழுந்தான். சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். சட்டையைக் கழற்றிக்கொண்டு கீழே இறங்கிப் புயங்களை முறுக்கி நின்றான். ஏறிய சிப்பாய்களும் இறங்கி அவனைப் பார்க்க ஓடினார்கள். ஒருவன் தொட்டுப் பார்த்தான், இன்னொருவன் கைதட்டினான். கடைசியில் பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

சத்தியபாமா சீறினாள். “எனக்கு முன்னால வெக்கம், ஆமிக்கு முன்னால இல்லையோ?”

அவன் பொத்தான்களைப் பூட்டினான். “கையில வச்சிருக்கிற கார்டைப் பாருங்க அக்கா.”

பார்த்தாள். நேற்றுக் குறிப்பெடுக்க அவனிடம் வாங்கிய ஆணழகன் போட்டி அட்டை. அவளுடைய அடையாள அட்டை வத்தேகமவில், குறிப்பேட்டுக்குள் கிடந்தது.

“அப்ப பின்னேரம் திரும்பிப் போகேக்க?” என்றாள் மெதுவாக.

“மத்தியானம் ஆறு முட்டை வாங்கித் தாங்க. பார்த்துக்கலாம்.”