எழுபது லிட்டர் பலகை

"பையனோட எடை எவ்வளவு?" என்று கேட்டாள் கடலில் சறுக்கும் பலகைகள் விற்கும் கடைக்காரி தொன்கா.

"முப்பத்தெட்டு கிலோ," என்றார் வின்கோ. "இறக்கை மாதிரி காத்துப் பாயைக் கையில பிடிச்சுக்கிட்டு, தண்ணிக்கு மேல பறக்கணும்னு ரோக்கோவுக்கு ரொம்ப நாள் ஆசை."

"பலகை எவ்வளவு எடையைத் தாங்கி மிதக்கும்னு லிட்டர்லதான் சொல்வோம். புதுசா கத்துக்கிறவங்களுக்கு எடையோட முப்பது கூட்டிக்கணும். எழுபது லிட்டர் பலகை போதும். ஆனா வளர்ற பிள்ளை. நூறு லிட்டரா எடுத்துக்குங்களேன்?"

"எலும்புந்தோலுமா இருப்பாம்மா. அதைத் தூக்கவே மாட்டான். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?"

எழுபது லிட்டர் பலகையை இடுக்கிக்கொண்டு ஒரெபிச் படகுத்துறைக்குப் போனார். எதிர்த்தீவு கோர்ச்சுலாவிலிருந்து வந்த படகில் ஆட்கள் இறங்கினார்கள். நெடுநெடுவென்று ஒருவன் வந்து எதிரில் நின்று மறைத்தான். அரும்புமீசை.

"கொஞ்சம் தள்ளிக்க தம்பி. என் பையன் வருவான்."

"அப்பா, நான்தான்."

விவாகரத்துக்குப் பிறகு ரோக்கோ அம்மாவோடு ஜெர்மனிக்குப் போய் நாலு வருடமாகிறது. ஒவ்வொரு கோடையிலும் "வரட்டுமாப்பா?" என்று போனில் கேட்பான். கப்பல் வேலையைக் காரணம் சொல்லி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வின்கோ தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அவர் மனதில் மகன் அந்தப் பதினோரு வயதிலேயே நின்றுவிட்டிருந்தான்.

ரோக்கோ பலகையில் இருந்த எண்ணைப் பார்த்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்பாவைக் கட்டிக்கொண்டான்.

"என்னப்பா, இவ்வளவு குள்ளமாயிட்டீங்க?" என்று சிரித்தான்.

வின்கோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாந்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.