பாதிச் சோறும் தண்டையார்பேட்டை நடையும்

"ஒடம்பக் கொற. இல்லாட்டி நான் வேற ஒருத்தியக் கட்டிக்குவேன்" என்று ஹார்பரில் வேலை பார்க்கும் துரைக்கண்ணு சொன்ன நாளிலிருந்து, அவன் மனைவி சொர்ணம்மா பாதி வயிற்றுக்குத்தான் சாப்பிட்டாள்.

இளைக்கிற வழியையும் அவனே சொல்லிக் கொடுத்தான். யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன் நீங்காத காலம் அது.

"பாதிச் சோறு துன்னு. மிச்ச அரிசியத் தண்டையார்பேட்டையில கீற என் தோஸ்தோட அம்மாகிட்ட குடுத்துட்டு வா. நடந்தே போ. புண்ணியமும் ஆச்சு, ஒடம்பும் எறங்கும்."

கல்மண்டபத்து வீட்டிலிருந்து தினமும் நடந்தாள். வாசலிலேயே கிழவி பையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவாள். மூன்றே மாதத்தில் வளையல்கள் முழங்கைக்கு ஏறின.

"இன்னாக்கா, குச்சியாட்டம் ஆயிட்ட?" என்றாள் குழாயடியில் கன்னியம்மா.

"ஜாக்கெட்டையே ரெண்டு தபா புடிச்சுத் தெச்சுட்டேன். இனிமே அவரு என்ன வுட்டுப் போவ மாட்டாரு" என்று சொர்ணம்மா பெருமையோடு சொல்லிவிட்டு அரிசிப் பையுடன் கிளம்பினாள்.

அன்று கதவைத் திறந்தது கிழவி இல்லை. நிறைமாத வயிற்றோடு ஓர் இளம்பெண்.

"அம்மாவுக்கு ஜொரம். அரிசிதான? குடு" என்று பையை வாங்கியவள் உள்ளே திரும்பி, "ஏங்க, அரிசி வந்துட்ச்சி. கொஞ்சமாத்தான் கீது" என்றாள்.

உள்ளேயிருந்து பதில் சொன்ன குரலோடு சொர்ணம்மா பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

"நீ ரெண்டு உசுருக்குத் துன்னணுமில்ல? இன்னும் ஒடம்பு எறங்கணும்னு அவகிட்ட ராத்திரி சொல்லிடறேன்."