பொத்தானை விடாத விரல்

பிச்சையா தினமும் மாலையில், மேடையேறத் தடைவிதிக்கப்பட்ட நாடகங்களைத் தன் வயர்லெஸ் பெட்டியில் வாசிப்பார். மைக்கின் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை அவர் மட்டுமே பேச முடியும். விட்டதும், கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் பேரையும் தெருவையும் சொல்வார்கள். ஒலி எதுவரை எட்டுகிறது என்று அறிய அவர் ஏற்படுத்திய வழக்கம் அது. பக்கத்து ஊரில் அப்படிப் பேர் சொன்னவர்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. இன்று, அவர்களைப் பிடித்துப்போன மாசானமும் கொம்பையாவும் இவர் கதவை உடைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். "பொத்தான விடுல. யாரெல்லாம் கேக்கான்னு நாங்களும் கேக்கணும்லா?" என்றான் மாசானம். பிச்சையா விடவில்லை. கொம்பையா ஸ்பேனரால் அவர் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தமும், "யாரும் பேசாதீய!" என்ற அலறலும் ஊர் முழுக்கப் போயின. "கை ஒடஞ்சும் புடிய விட மாட்டேங்கான் பாத்தீயளா அண்ணாச்சி," என்று கொம்பையா சிரித்தான். மாசானம் குனிந்து, அந்தக் கட்டைவிரலைப் பின்னால் வளைத்து முறித்தான். பொத்தான் மேலெழுந்தது. பெட்டி இரைந்தது. அவன் நோட்டைத் திறந்து காத்திருந்தான். வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது: "வடிவு, வாய்க்கால் தெரு. அடிச்சவிய கொரலும் தெளிவாக் கேட்டுது." பேரை எழுதி, தெருவைப் பாதி எழுதிய பிறகுதான் மாசானத்துக்குத் தன் மனைவியின் குரல் உறைத்தது. கொம்பையா அந்தக் குரலை அதுவரை கேட்டதில்லை. ஸ்பேனரை வேட்டியில் துடைத்தபடி அவன் கேட்டான்: "மொதல்ல இவ வீட்டுக்கே போயிருவமா அண்ணாச்சி?"