பதின்மூன்றாவது மெழுகு பொம்மை

"கண்ணைச் சிமிட்டின, என் பொழப்புல மண்ணுதான்!" என்றபடி மொமோலோ தன் அக்கா சான்சேயின் முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பினான்.

பவுடர் மூக்கில் ஏறி அவள் தும்மினாள்.

"நூறு ஆயுசு!" என்றவன், உடனே பல்லைக் கடித்தான். "தும்மவும் கூடாதுக்கா!"

"திட்டறதுக்கு முன்னாடி ஆயுசு சொல்லிட்ட பாரு."

"வெனிஸ்காரன் வாய். தும்மல் காதுல விழுந்தா தானா வருது. எவன் அடக்கறது?"

அன்று மதியம் சீமாட்டி ஒர்தென்சியாவின் மாளிகையில் விருந்து. அவளுடைய அப்பா மிலானில் பஞ்சாலை வைத்திருந்தவர். ஆயிரம் பேர் இருமி இருமி நூற்ற நூல் மகள் கையில் சொத்தாக வந்து சேர்ந்தது. மகள் அதை ஓவியனுக்கும் சிற்பிக்கும் வாரி இறைத்தாள். கழுத்தில் உயிருள்ள பாம்பைச் சுற்றிக்கொள்வாள். சிறுத்தையைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவாள். விருந்து என்றால் கூடத்துச் சுவரோரம் ஆளுயர மெழுகு பொம்மைகள் பன்னிரண்டு நிற்க வேண்டும். எல்லாம் கிழவர் அன்சோலோவின் கைவேலை. விருந்துக்கு முன் அவரே கொண்டுவந்து நிறுத்துவார். முடிந்ததும் அவரே எடுத்துப் போவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

பதின்மூன்றாவதை மட்டும் சீமாட்டி மொமோலோவிடம் கேட்டிருந்தாள். அச்சு அசல் தன்னைப் போலவே ஒன்று.

"நான் சாப்பிடறதை நானே எதிர்ல உக்காந்து பாக்கணும். நல்லா வந்தா, இனிமே என் வீட்டு மெழுகு வேலை பூரா உனக்கு. வரலேன்னா, போய்க் கோயிலுக்கு மெழுகுவத்தி ஊத்திக்கிட்டு இரு."

மூன்று மாத உழைப்பு. ஆகஸ்ட் வெயில் அன்று காலையில் அதற்கு முடிவு கட்டியது. எட்டு மணிக்குப் பொம்மையின் மூக்கு மோவாய்க்கு இறங்கியது. பத்து மணிக்கு முகமே மடியில் கிடந்தது. பொம்மைக்குப் பதிலாக உட்கார வைக்க, அவன் துணி வெளுக்கிற அக்காவிடம் ஓடினான்.

"கிழவன் பொம்மை மட்டும் எப்பிடிடா இந்த வெயில்ல உருகாம நிக்குது?" என்றாள் சான்சே.

"மெழுகுல எதையோ கலக்கறாரு. செத்தாலும் சொல்ல மாட்டாரு."

"சரி, ஊர்ல வேற பொம்பளையே இல்லையா? என்னை ஏன்டா பிடிச்ச?"

"நீதான் சீமாட்டி சாடை. அவளை மாதிரியே ஒல்லி."

"அவ பட்டினி கிடக்கறது நாகரிகம். எனக்கு அது பழக்கம்டா."

முகத்திரை போட்டு, கையுறை மாட்டி, அவளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துச் சமையலறை வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு போனான். சமையல்காரி யாரிடமோ கத்திக்கொண்டிருந்தாள்: "விருந்துன்னா போதும், ஒரு அண்டா சோளக்களி காணாமப் போவுது. எலியாம்! இந்த வீட்டு எலிக்கு என்ன வயிறோ!"

விருந்து தொடங்கியது. சீமாட்டி தலையில் மயிலிறகுக் கிரீடத்தோடு எதிரே வந்து உட்கார்ந்து, தன் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சான்சேயின் மூக்குக்கு நேரே மீன் சோறு ஆவி பறந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், எச்சிலை விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்ற மொமோலோவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

விருந்தாளி டாக்டர் ஒருவர் கழுத்துப்பட்டியிலிருந்த ஊசியை உருவினார்.

"மூச்சு விடற மாதிரியே இருக்கே! ஒரு குத்துக் குத்திப் பாத்துடலாமா?"

மேசைக் கோடியிலிருந்த கிழவர் அன்சோலோ துள்ளி எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஊசியெல்லாம் வேணாம் டாக்டர்! ஒண்ணுல ஆரம்பிச்சா வரிசையா எல்லாத்தையும் குத்துவீங்க. கலைக்கே அவமானம்!"

போட்டிக்காரர் தனக்காகப் பரிந்து பேசுகிறாரே என்று மொமோலோவுக்கு வியப்பு.

"குத்துங்க டாக்டர்" என்றாள் சீமாட்டி.

டாக்டர் கையுறைக்கு மேலேயே உள்ளங்கையில் ஊசியை அழுத்தினார். இருபத்திரண்டு வருடம் சாம்பல் காரத்தில் ஊறி, கல்லில் துணி அடித்த கை. செருப்புத் தோலாகக் காய்த்துப் போயிருந்தது. ஊசி நுனி இறங்கியும் ரத்தம் வரவில்லை. அவளுக்கு வலிக்கவும் இல்லை.

"மெழுகேதான். அதுவும் நல்ல கெட்டி மெழுகு!" என்றார் டாக்டர்.

கூடமே கை தட்டியது. கிழவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சீமாட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து வந்து பொம்மையின் முகத்திரையைத் தூக்கி, குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"பிரமாதம்டா மொமோலோ! இனிமே இந்த வீட்டு வேலை பூரா..."

குனிந்தபோது மயிலிறகு ஒன்று சான்சேயின் மூக்கில் பட்டு, மெல்ல இழைந்தது.

"அ... ஹா... ஹச்சூ!"

கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. சீமாட்டியின் பேச்சும் பாதியில் நின்றது. தொலைந்தோம் என்று மொமோலோ கண்ணை மூடிக்கொண்டான். தானாகக் கிளம்பிய வார்த்தை வெளியே வந்துவிடாமல் உதட்டை இறுக்கிக் கடித்தான்.

வார்த்தை வந்தேவிட்டது, ஆனால் அவன் வாயிலிருந்து அல்ல. சுவரோரம் நின்றிருந்த பன்னிரண்டு மெழுகு பொம்மைகளும் ஒரே குரலில் சொல்லின:

"நூறு ஆயுசு!"