என்ன முறை?

"நான் வரேல்லை அம்மா. நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ."

நாகேஸ்வரி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். மாதக் கணக்காக வைபரில் கதைத்துக் கதைத்து ஒழுங்கு செய்த ஒன்றுகூடல். கனடாவிலிருந்து உதயகலா குடும்பம், லண்டனிலிருந்து மார்க்கண்டு குடும்பம், பாசையூரிலிருந்து அடைக்கலநாதன் குடும்பம். பொல்லூன்றி நடக்கிறவர்கள் முதல் நடை பழகும் பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் வருகிற சனிக்கிழமை சுண்டிக்குளம் தேசிய பூங்காவில் கூடப்போகிறார்கள். இந்த நேரத்தில் தாரிகா வரவில்லை என்கிறாள்.

"ஏன் வரேல்லை?"

"வேலை இருக்கு."

"சனிக்கிழமை பாங்கிலை என்ன வேலை?"

தாரிகா கதையை மாற்றினாள். "ஏனம்மா அவ்வளவு தூரம்? கீரிமலையிலை மடம் இருக்கு, கேணி இருக்கு. சின்னனுகள் ஆசையாக் குளிக்குங்கள். சுண்டிக்குளத்திலை என்ன இருக்கு? வெய்யிலும் உப்புக்காத்தும்தான். மார்க்கண்டு பெரியப்பா முழங்கால் ஏலாமல் அந்த மணலுக்கை என்னெண்டு நடப்பார்?"

"பூநாரை வந்திருக்காம்."

"பூநாரை பாக்கவோ கனடாவிலை இருந்து வருகினம்?"

நாகேஸ்வரி அடுத்த வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். "அங்கைதான் எண்டு எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு."

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பூங்காவைப் பற்றி விசாரித்து வரப்போன தகப்பன் கனகலிங்கம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"உள்ளுக்கை அடுப்பு மூட்ட விடமாட்டினமாம். பொலித்தீனும் கொண்டுபோகேலாது. இஞ்சை சமைச்சு வாழையிலையிலை கட்டிக்கொண்டு போவம்."

"மரக்கறியோ, மச்சமோ?"

"ரெண்டும்தான். நண்டுக்கறி இல்லாட்டி அடைக்கலநாதன் கோவிச்சுக்கொள்ளுவான். அதுக்காகத்தானே சனிக்கிழமை வைச்சது. வெள்ளி எங்களுக்கு மச்சம் ஆகாது, ஞாயிறு அவைக்குச் சேர்ச்சிலை பூசை." மகளின் பக்கம் திரும்பினார். "பஸ்ஸும் பேசியாச்சு. பிள்ளையளின்ரை விளையாட்டு உன்ரை பொறுப்பு, தாரிகா. செந்தூரனை உதவிக்கு வைச்சுக்கொள்."

தாரிகா எழுந்து அறைப்பக்கம் போனாள்.

செந்தூரன், அவள் பேச்சு வந்த நாளிலிருந்து பெரியம்மா என்று கூப்பிடும் உதயகலாவின் மகன். இரண்டு வருடத்துக்கு முன் அளவெட்டியில் ஒரு கலியாணத்துக்கு வந்து இவர்கள் வீட்டில் தங்கிப் போனவன். போன பிறகு தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினான். அங்கே விழுகிற பனியைப் பற்றி, இங்கே பாங்கில் சண்டை பிடிக்கிறவர்களைப் பற்றி. ஒருநாள் அவன் மனதில் இருந்ததைச் சொன்னான். அவள் மனதிலும் அதுவேதான் இருந்தது. ஆனால் பெரியம்மாவின் மகன் என்றால் அண்ணன். எவ்வளவு தூரத்துச் சொந்தம் என்றாலும் முறை முறைதான். போன மாதத்தோடு அவன் அழைப்புகளை எடுப்பதையே விட்டுவிட்டாள்.

"இரு பிள்ளை," என்றாள் நாகேஸ்வரி. "நேற்று உதயகலா அக்கா கதைச்சவ. செந்தூரன் ஒழுங்காச் சாப்பிடுறதும் இல்லையாம், ஒருத்தரோடையும் கதைக்கிறதும் இல்லையாம். அவ விடாமல் கேட்டு, எல்லாத்தையும் சொல்லிப்போட்டான்."

தாரிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் முகத்தைப் பார்க்க, அவருக்கும் தெரியும் என்று விளங்கியது.

"பிழைதான் அம்மா. அண்ணை முறையெண்டு தெரிஞ்சும் அவனிலை மனம் போட்டுது. அதுதான் நிப்பாட்டிப்போட்டன்." குரல் உடைந்தது. "பெரியம்மான்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது? குடும்பத்துக்குள்ளை இப்பிடி ஒரு கதை வேண்டாம். என்னை விட்டிட்டுப் போங்கோ."

திட்டு விழும் என்று நின்றாள். தாயோ தகப்பனைப் பார்த்தாள். "சொல்லுங்கோவன்."

கனகலிங்கம் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "உன்ரை அம்மாவுக்கு உதயகலா என்ன வழியிலை அக்கா, பிள்ளை?"

"அம்மம்மா வழியிலை எங்கையோ..."

"அடைக்கலநாதன் மாமா?"

"எங்கடை ஆக்கள் ஆரும் கிறிஸ்தவ வேதத்திலை கலியாணம் கட்டியிருப்பினம். ஏனப்பா இதெல்லாம் கேக்கிறியள்?"

"ரெண்டாயிரமாம் ஆண்டுச் சண்டைக்குள்ளை ஓடேக்கை, சுண்டிக்குளத்திலை வைச்சுச் செல் குண்டு விழத் தொடங்கீட்டுது. நீ அப்ப கைக்குழந்தை. முன்னாலை ஒரு பங்கர் தெரிஞ்சுது, குதிச்சிட்டம். உள்ளுக்கை ஏற்கெனவே மூண்டு குடும்பம். ஆரையும் ஆருக்கும் தெரியாது. ஆனா இடமில்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. செல்லடி ஓயுமட்டும் ஒரு பானைக் கஞ்சிதான் எல்லாருக்கும். உன்னை மாறி மாறி மடியிலை வைச்சிருந்தினம். பிறகும் ஒருத்தரை ஒருத்தர் விடேல்லை. உனக்குப் பேச்சு வரேக்கை உதயகலாவைப் பெரியம்மா எண்டாய், அடைக்கலநாதனை மாமா எண்டாய். நாங்களும் திருத்தேல்லை. அந்த நாளைப் பற்றிக் கதைக்கிறதையே விட்டிட்டம். இந்தமுறை உங்கள் எல்லாரையும் அந்த இடத்திலை வைச்சுச் சொல்லுவமெண்டுதான் இருந்தம்."

தாரிகா தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்ப... மார்க்கண்டு பெரியப்பா?"

"அவரும்தான்."

நாகேஸ்வரி எழுந்து வந்து மகளின் கண்ணைத் துடைத்தாள். "எங்கடை நாலு குடும்பத்துக்கும் இடையிலை ஒரு சொட்டு இரத்த உறவும் இல்லை, பிள்ளை. இனித்தான் உண்மையாச் சொந்தக்காரராகப் போறமெண்டு, உதயகலா அக்கா அங்கை கலியாணக் கூறைச்சீலை எடுக்கக் கடைக்குப் போட்டா!"