செங்கல் சுவரின் முன் ஒரு லென்ஸ்

பழைய சாமான் கடையிலிருந்து வந்த ஒரு லென்ஸ், குலசேகரனின் ஃபிலிம் கேமராவில் மாட்டப்பட்டு, தோட்டத்துச் செங்கல் சுவரைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தது. எந்த லென்ஸ் வந்தாலும் அந்தச் சுவரைப் படமெடுத்துத்தான் அதன் தெளிவைச் சோதிப்பார் அவர்; அந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் மறுபடியும் கடைதான்.

"படம் நடுவுல எப்படி விழும்?" என்று விசாரித்தது சுவர்.

"இமைமுடியைக்கூட எண்ணலாம். ஓரத்துலதான் கொஞ்சம் மங்கும்."

"போச்சு! இவர் பூதக்கண்ணாடி வெச்சு ஓரத்தைத்தான் பார்ப்பார். உனக்கு முன்னால வந்ததெல்லாம் அதுலதான் கவிழ்ந்துச்சு."

சுவர்கள் நேர்மையானவை, ஆறுதல் சொல்லத்தான் அவற்றுக்கு வராது.

குலசேகரன் வளையத்தைத் திருகித் திருகிச் சுவரையே படமெடுத்துத் தள்ளினார். ஃபிலிமில் ஒரே ஒரு படம் மிச்சமிருந்தபோது, அவர் மனைவி பூங்கோதை புதுச் சேலையில் வந்து சுவருக்கு முன்னால் நின்றாள். லென்ஸுக்குப் போன உயிர் திரும்பியது. ஒரு முகம்! அதுவும் நட்டநடுவில்!

"இந்த ஒண்ணுலயாவது என்னை எடுங்களேன்."

"தள்ளிக்கோ பூங்கோதை, செங்கல்லை மறைக்கிற."

அவள் தள்ளிக்கொண்டாள். கடைசிப் படமும் சுவருக்கே போயிற்று.

படங்கள் கழுவி வந்த அன்று, அதே தோட்டத்தில் உட்கார்ந்து குலசேகரன் பூதக்கண்ணாடியை ஓரத்துக்கு நகர்த்தினார். உதட்டைப் பிதுக்கினார். லென்ஸைப் பெட்டியில் வைத்தார்.

"மனசை விட்டுடாதே," என்றது சுவர், கொஞ்சம் பெருமையாகவே. "இந்த வீட்டு ஆல்பத்துல இன்னிக்கு வரைக்கும் என்னைத் தவிர யாருமே கிடையாது."