அப்பாவின் காது

செவித்திறன் போன ரொசாரியோவின் தலைக்குள் மருத்துவர்கள் ஒரு கருவி பொருத்தினார்கள். அவர் இளவயதில் விரும்பிக் கேட்ட பாட்டுகளைக் கொண்டு அதைப் பழக்கியிருந்தார்கள். எந்த இசையையும் அது அவருக்குப் பிடித்தபடி மாற்றிக் கொடுத்தது.

மகள் ஜெசிந்தா நான்கு வருடம் உழைத்து, யாரும் கேட்டிராத இசை ஒன்றை அமைத்தாள். முதல் கச்சேரியில் பாதிப் பேர் எழுந்து போனார்கள். அப்பா மட்டும் கைதட்டினார்.

"எங்க கல்யாணத்து பேண்டு மாதிரியே இருந்துச்சும்மா."

ஜெசிந்தா அழுதுவிட்டாள். "நான் போட்டது அது இல்லப்பா."

ரொசாரியோ திகைத்தார். "அப்ப இதக் கழட்டச் சொல்லு."

"கழட்ட முடியாதுப்பா."

அவர் மேடையில் அவள் வாசித்த பியானோவின் மரத்தில் உள்ளங்கையைப் பதித்தார். "இப்ப வாசி."

அவள் வாசித்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"கைக்குக் கேக்குதும்மா," என்றார். "காதுதான் விட மாட்டேங்குது."